மற்றவை, குறிப்பிடவும்

இருநூறு தாள் அச்சடித்தோம், மஞ்சளில்.
மஞ்சள் என்றால் தொலையாது என்றார் பெவர்லி,
நூலகக் குழுவின் பொருளாளர்.
திரும்பி வந்தவை நாற்பத்தொன்று.
ஒன்றில் பீட்சா எண்ணெய்.
மூன்றில் ஒரே கையெழுத்து.

சுப்பீரியர் ஏரி உறைந்து கிடந்த பிப்ரவரி.
கதவு திறக்கும்போதெல்லாம் பனி உள்ளே வந்து
அகராதி அடுக்குவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.
நான் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்:
நான்கு நிற்க, ஐந்தாவது குறுக்கே விழ.

அனிமே சங்கம், பதினேழு.
ரோபோ பயிற்சி, ஒன்பது.
கல்லூரி விண்ணப்ப உதவி, இரண்டு;
இரண்டிலும் அம்மாக்களின் கையெழுத்து மாதிரி இருந்தது.

பதினேழு!
சுவரொட்டி ஒட்டினேன், புரொஜக்டர் இரவல் வாங்கினேன்,
நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டேன்.
வியாழக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள்.
லின்னியா, போன் சார்ஜ் போட.
மெரிக், கழிப்பறை எங்கே என்று கேட்டு வந்தவன்,
கேட்டுவிட்ட மரியாதைக்கு
கடைசிவரை உட்கார்ந்திருந்தான்.

டிக் போடுவது தலையாட்டுவது போலத்தான்.
கேட்டவர் மனம் நோகக் கூடாதே என்று
பிள்ளைகள் நமக்குப் போடும் பிச்சை அது.

அன்றிரவு மஞ்சள் தாள்களை மறுபடி எடுத்தேன்.
எண்ணிக்கைக்குள் அடங்காததால் நான் தாண்டிப்போன
கடைசி வரி:
மற்றவை, குறிப்பிடவும்.

'டோஸ்டர்.'
'எதுவுமே நடக்காத ஒரு ரூம்.'
கண்ணாடி போட்ட ஒரு மூஸ் மான்; அது நான்தான் என்று நினைக்கிறேன்.
'பஸ் 6.10. நீங்க மூடறது 5.30.'
அதே பஸ் இன்னும் ஆறு தாள்களில், வேறு வேறு கோபத்தில்.
ஒருத்தி கணக்காகவே எழுதியிருந்தாள்:
6.10 – 5.30 = ______
விடையை எனக்கு விட்டுவிட்டு.

கோடிட்ட இடம் கொடுத்தே பழகியவள் நான்.
முதல்முறையாக ஒன்றை நிரப்பினேன்.
நாற்பது நிமிடம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.

வயது என்ற கட்டத்தில்
ஒரு தாள் மட்டும் எண்ணோடு நிற்கவில்லை:
'நேத்துலேர்ந்து 15.'
பெயர் கேட்கவில்லை நாங்கள்.
பெயர் கேட்டால் உண்மை வராது என்று
பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.
தாள் வந்த தேதி, பிப்ரவரி பன்னிரண்டு.

குழுக் கூட்டத்தில் பெவர்லி பேனா மூடியைக் கழற்றினார்.
நிகழ்ச்சியின் பெயர்?
இல்லை.
நோக்கம்?
பஸ்.
பயன் விளைந்ததா என்று எதை வைத்து அளப்பாய்?
நான் மூஸ் மானைக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.
ஏப்ரல் வரை என்று ஒப்புக்கொண்டார்கள்.
டோஸ்டர் மட்டும் கூடாது, தீக் காப்பீடு.

ஏப்ரல் வந்தது, யாரும் நினைவூட்டவில்லை,
நானும் வாய் திறக்கவில்லை.
இப்போது தினமும் ஆறு பத்து வரை விளக்கு எரிகிறது.
சில நாள் பதினொரு ஜோடி பனிக்காலணி,
சில நாள் நான்கு.
மெரிக் உலக வரைபடத்தின்மேல் கன்னம் வைத்துத் தூங்குகிறான்,
பசிபிக்கில் எச்சில் ஒழுக.
கதவின் பின்புறம் ஒரே ஒரு கேள்வி ஒட்டினேன்,
நூலில் கட்டிய பென்சிலோடு.
வாரம் ஒரு பென்சில் காணாமல் போகிறது.
'பதில்கள்' என்ற இடத்தில் அதையும் எழுதிவைக்கிறேன்.

இந்த வருடம் பிப்ரவரி பதினொன்று.
பெயர் எழுதாத ஒரு கேக்கை
நடு மேசையில் வைத்துவிட்டு
புத்தகம் அடுக்கப் போனேன்.
ஏழு பேர் சாப்பிட்டார்கள். எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை.
ஒருவன் மட்டும் இரண்டாவது துண்டைக்
காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்து
பஸ்ஸுக்கு ஓடினான்.

அவனாக இருக்கலாம்.
வெறும் பசியாகவும் இருக்கலாம்.