பச்சை

முதலில் சொல்லித் தந்தது, யாரிடமும் சொல்லாதே.
மூன்றாம் மாடி, உரிமப் பிரிவு.
குளிரூட்டி நேராகக் கழுத்தில் அடிக்கும் நாற்காலி.
"வெளியே தெரிந்துவிட்டால் அது புதிது இல்லை" என்றார் ரொஸ்னா.
"இதுவரை யாருக்காவது காட்டினீர்களா?"

மீன்களுக்கு, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

விரல் நீளத் துண்டு அது.
சவ்வரிசி மாவில் வார்த்த தாள், உள்ளே சங்குப்பூச் சாறு.
மீன் பெட்டி மூடியின் அடியில் ஒட்டினால்
மீன் கெடக் கெட
நீலம் நழுவிப் பச்சையாகும்.
சங்குப்பூவின் குணம் ஊருக்கே தெரியும்,
புலாவ் டிக்குஸ் சந்தையில்
நீலப் பலகாரம் விற்பவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.
என்னுடையது இவ்வளவுதான்:
ஈரத்தில் சாயம் ஒழுகாமல்
பிடித்து நிறுத்தும் ஒரு முடிச்சு.
அதற்கு நான்கு ஆண்டு,
முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்.

உண்மையில் இன்னொருவரும் பார்த்திருந்தார்.
பத்து மாவுங் துறையில், விடியுமுன்,
கெம்போங் மீன் கொட்டும் ஜுனைடி.
ரொஸ்னா தேதியைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார்.
ஓராண்டுச் சலுகை உண்டு, அதற்குள் ஓடு என்றார்,
இனிமேலாவது என்று நான்கு பக்க இரகசிய ஒப்பந்தம் தந்தார்.
ஜுனைடி அதைப் பனிக்கட்டி மேல் வைத்துக் கையெழுத்திட்டார்.
கோப்பில் இன்றும் ஒரு செதில்
மூன்றாம் பக்கத்தில் காய்ந்து மின்னுகிறது.

"இது பச்சையானால் என் வாடிக்கை ஓடிவிடும்.
பச்சையாகாத ஒன்று செய்யேன்" என்றார்.
இருவரும் சிரித்தோம்.

பிறகு பங்குக் கட்டங்கள். கூட்டினால் நூறு வர வேண்டும்.
பெருநாள் விடுமுறையில் வந்து
உலர்பெட்டியை அணைத்த ஹேமலோஷினிக்கு ஐந்து.
பேராசிரியர் கூ தனக்கு நாற்பது என்று பென்சிலால் எழுதி,
அழித்து முப்பத்தைந்து என்று எழுதி,
என்னைப் பார்க்காமல் பேனாவால் நாற்பதாக்கினார்.
என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில்
வழக்கமான சாய்கோடு.

நிறுவனம் ஒரு செவ்வாய்க்கிழமை பிறந்தது.
செவ்வாயோ வெறுவாயோ என்று அம்மா முனகினாள்.
பதிவேட்டுக்குக் கிழமை தெரியாது.

பாயான் லெப்பாஸ். டத்தோ யாப், இறால் ஏற்றுமதி.
எட்டாம் படத்தில் என்னை நிறுத்தினார்.
"உலகமெங்கும் பச்சை என்றால் நல்லது, போகலாம்.
உன் தாள் மட்டும் ஏன் தலைகீழ்?"

எங்கள் மொழியில் இன்னும் மோசம், டத்தோ.
பச்சை மீன் என்றாலே
வலையின் ஈரம் காயாத மீன்.
நிறத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை,
கெடுகிற மீன் விடும் ஆவி தேர்ந்தெடுத்தது.
இதில் பாதியைத்தான் வாய்விட்டுச் சொன்னேன்.

தேநீர் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.
"நிறம் இருக்கட்டும்.
ஒன்றரை நாள் தள்ளி மாறுமா?
கொள்கலன் துறைமுகத்தில் நிற்கும் நேரம், அவ்வளவுதான்."

ஜுனைடி கேட்டதேதான்.
இங்கே மீன் வாடை இல்லை.
யாரும் சிரிக்கவில்லை.

முடியும் என்பதுதான் சங்கடம்.
முடிச்சை இரண்டு சுற்று கூட இறுக்கினால் போதும்.
ஜெலுகோர் திரும்பி, விளக்கைப் போட்டு,
ஆய்வு நோட்டைப் புரட்டினேன்.
நூற்று எழுபத்தொன்று.
மீன் நாறிய பிறகும் நீலமாகவே கிடந்தது.
பயன்படாது, என்று என் கையெழுத்து.
கீழே தேதி. சாட்சிக்கு ஹேமா.

முதலீட்டுத் தொகையை மறுபடி பார்த்தேன்.
அதிலும் பூஜ்யங்கள் சரியாகத்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.
ரொஸ்னாவை அழைத்தேன்,
பழையதில் ஒன்று, தோற்றது,
அதைத் தனி மனுவாகப் போடலாமா என்று.

"யாருக்காவது காட்டினீர்களா?"

இல்லை.
அன்று பெட்டியில் கிடந்த மீன்களுக்குக்கூட
அது ஒன்றும் சொல்லவில்லை.