முடிச்சுகள்

அரசி இடோனியா பேறுகால அறைக்குள் போனதும்
ஆண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.
சன்னல்களைத் திரைச்சீலைகள் மூடின.
தேம்ஸ் பக்கம் ஒன்றை மட்டும்
கையகல வெளிச்சத்துக்கு விட்டுவைத்தோம்.

அன்று முதல்
மதுக் கலங்களுக்குப் பொறுப்பு ஹவிஸ் ஆகிய நான்.
கதவுக் காவல் மேபில்.
எழுதத் தெரியாத பெட்ரொனில்லா கணக்குப்பிள்ளை:
எரிந்து தீர்ந்த மெழுகுவத்திக்கு
நூலில் ஒரு முடிச்சு.
மீன் நாறினால் திருப்பி அனுப்பினோம்;
கதவிடுக்கில் சமையற்காரன் குரல் குழைந்தது.
பகடையில் தோற்ற அரசி
வாய்விட்டு வைதாள், படகோட்டி மாதிரி.

வலி கண்டபோது
மடத்திலிருந்து இரவல் வந்த கச்சையைச் சுற்றினோம்.
எத்தனை வயிறுகள் தேய்த்தனவோ,
அதில் எழுதியிருந்த ஜெபம் பாதி இல்லை.

பெண்.
வெளியே மணி கொஞ்சம் அடித்து ஓய்ந்ததாம்.
உள்ளே எங்களுக்கு எட்டவில்லை,
அவள் அப்படிக் கத்தினாள்.

நாற்பதாம் நாள்
கையில் மெழுகுவத்தியோடு அரசி தேவாலயம் போய்
வருவதற்குள் திரைகளை இறக்கிவிட்டார்கள்.
சாவிக்கொத்தை உரியவரிடம் நீட்டினேன்.
எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது.

நூலை அவர் கேட்கவில்லை.

ஞாயிறு பூசையில்
மன்னருக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறாள்.
ஜெபமாலைக்கு அடியில்
விரல்கள் நகர்கின்றன,
முடிச்சு முடிச்சாக.