மல்லாட்டைத் தொலி

பொன்னைக்கு மேற்கே, சித்தூர் ரோட்டு எண்ணெய் மில்லில்
மூட்டை பத்து ரூபாய்க்குத் தொலி தந்தார் முனிரத்தினம்.
"மாட்டுக்கா, அடுப்புக்கா?"
"தண்ணிக்கு" என்றேன்.
சில்லறையை இன்னொரு முறை எண்ணிக்கொண்டார்.

கழுவி, உலர்த்தி, இடித்து,
எலுமிச்சை உப்பில் ஊறப்போட்டு
ராத்திரி முழுக்க வாட்டினேன்.

யசோதம்மா கிணற்றில் தண்ணீர் மஞ்சள்.
துவைத்த வேட்டியும் மஞ்சள்.
மகள் நலங்குக்கு
மஞ்சள் அரைக்கவே இல்லை என்று
அவளே சொல்லிச் சிரித்தாள்.

குழாயில் தொலியை அடைத்து ஊற்றினேன்.
சொட்டு.
வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.
நிறமில்லை.
"குடிக்கலாமா?"
"இன்னும் நாலு மடங்கு குறையணும்."
"அப்ப இது வெள்ளை விஷம்."

மில்லிலிருந்து போன்:
மிச்சத் தொலியைத் தந்தால் பாதி விலை.

எப்படித் தருவேன்?
தோல் பதனிட்டவர்கள் விட்டுப்போன குரோமியத்தை
அது பிடித்துக்கொண்டிருக்கிறது,
பருப்பைப் பிடித்திருந்த அதே பிடியில்.
எரிக்கக் கூடாது. புதைக்கக் கூடாது.
ஆய்வக பெஞ்சுக்கடியில், என் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில்
வாய் கட்டிய மூட்டை.

அதன்மேல் இரண்டு மொழியிலும் எழுதிவைத்தேன்:
ஆட்டுக்குப் போடாதீர்.
வருகிற ஆடு
எந்தப் பக்கத்ததோ.