கூம்புக்கு வெளியே

ஜூன் முதல் தேதி போர்ட் ஆர்தரில்
மரக்கடை வாசலில் ஒட்டுப்பலகைகள் வந்து இறங்கும்.
எங்களுக்குப் போன வருடத்தவையே போதும்.
‘சமையலறை இடது’, ‘படிக்கட்டு ஜன்னல்’ என்று
இளவழகன் தமிழில் எழுதி வைத்திருக்கிறான்.
ஒன்றில் மட்டும் பக்கத்து வீட்டுத் துவானின் வியட்நாமிய எழுத்து.
ஒருமுறை வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்தது.
என்ன எழுதினாய் என்று நாங்கள் கேட்டதில்லை.

கடலூர்த் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள்,
மூன்று, ஏழு, பத்து என்று.
இங்கே ஆள் பெயர் வைத்துவிடுகிறார்கள்.
இந்தப் புயலின் பெயர்
என்னோடு மருந்துக்கடையில் வேலை செய்பவளுக்கும்.
இரண்டு நாளாக அவள் யாரிடமும் பேசவில்லை.

வளைகுடாவின் நடுவிலிருந்து ஒரு வெள்ளைக் கூம்பு
வரைபடத்தில் விரிகிறது.
அதற்குள் நூலகம், இறால் படகுகள்,
சுத்திகரிப்பு ஆலையின் சுடர்,
காயப்போட்ட என் துண்டு.

உலைகளை அணைத்தபின்னும்
யாராவது அவற்றின் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.
மடக்குக் கட்டில், மூன்று நாள் துணி,
ஒரு நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலோடு
இளவழகன் ஆலைக்குப் போனான்.
“பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதே” என்றான்.
இந்தக் கரையில்
அன்பை அப்படித்தான் சொல்கிறார்கள்.

கிண்ணத்துத் தண்ணீரை உறையவைத்து
அதன்மேல் ஒரு காசு வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.
திரும்பும்போது காசு அடியில் கிடந்தால்
மின்சாரம் போய், எல்லாம் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது.
தின்னாதே, கொட்டிவிடு.
கால் டாலர் அகப்படவில்லை.
பர்ஸின் ஓரத்தில் ஓர் ஐந்து ரூபாய் இருந்தது.

ஆறு மணி நேரத்தில் நாற்பது மைல்.
சாலையின் இரண்டு பக்கமும் வடக்கே போயின.
முன்னால் ஒரு டிரக்கில் நான்கு ஆடுகள்,
உறையிட்டுத் தொங்கும் கல்யாண கவுன்.
நறுமுகை பின்சீட்டில்
மூடிய பெட்ரோல் பங்குகளை எண்ணி எண்ணித் தூங்கினாள்.

லஃப்கின் விடுதியில் நள்ளிரவு இரண்டு மணி.
ஒலியை அடைத்த டிவியில்
கூம்பு மெலிந்து கிழக்கே சாய்ந்தது.
விளக்கேற்றிப் பல வருடமான நான்
விலகிப் போ, விலகிப் போ என்று கேட்டேன்.
எங்கே என்று சொல்லவில்லை.
சொல்லாமலே அதற்குப் புரிந்தது.

சாபின் ஆற்றுக்கு அப்பால், லூசியானாவில்,
கேமரன் பக்கம் போனது.
நம் செய்திகளில் புயல் கரையைக் கடக்கும்.
கடந்தால் போய்விட்டது என்றே
அத்தனை காலமும் நினைத்திருந்தேன்.
இங்கே அது நிலத்தில் விழுகிறது.
விழுந்தது எழுந்து போவதில்லை,
மேலேயே கிடக்கிறது.

வீடு அப்படியே இருந்தது.
துண்டுகூட ஒரு கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.
பனிக்கட்டியின் மேல்
மூன்று சிங்கங்களும் நனையாமல்.
தோசைமாவும் கெடவில்லை.
அது எனக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

மாலையில் துவான் வந்தான்.
அவன் மனைவியின் அண்ணன் வீடு கேமரனில்.
மூன்று படிகள் மட்டும் நிற்கின்றனவாம்,
ஏறினால் வானம்.
கூடாரத்துக்குத் தரை போடப் பலகை கேட்டான்.
பதினொன்றையும் தூக்கிக் கொடுத்தேன்.
‘சமையலறை இடது’
சமையலறையும் இடதும் இல்லாத இடத்துக்குப் போனது.
அவனுடைய எழுத்து இருந்த பலகையை ஏற்றும்போது
முதல்முறை கேட்டேன்.
“கடன் வாங்கியது” என்றான்.

மறுநாள் இளவழகன்
பாதி ஊறுகாயோடு திரும்பினான்.
குளித்தான், பதினான்கு மணி நேரம் தூங்கினான்,
எழுந்து கராஜைப் பார்த்துவிட்டு
“பலகைகள் எங்கே? பருவம் முடிய
இன்னும் அறுபத்திரண்டு நாள் இருக்கிறது” என்றான்.

காசை இன்னும் எடுக்கவில்லை.
கியூபாவுக்குக் கீழே
ஆரஞ்சு நிறத்தில் ஏதோ சுழிக்கத் தொடங்கியிருக்கிறது.
பெயர் வைக்கவில்லை.