ஒரே பலகைச் சுவர்

பீடோரில் பத்து மணிக்குமேல்
செம்பனை லோரிகள் ஓய்ந்துவிடும்.
பக்கத்து வீட்டுக் குணாளன்
மகனுக்குக் கதை வாசிப்பார்.
நடுவில் ஒரே பலகைச் சுவர்,
மேலே ஒரு முழம் இடைவெளி.

நேற்று,
பொழுது சாய்ந்ததும் நிழலைக் கழற்றி
ஓடக்காரனிடம் கொடுத்துவிடும் ஓர் ஊர்.
விடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.
ஒருத்தி மட்டும் கேட்கிறாள்:
"இரவெல்லாம் அது என்னவாக இருக்கிறது,
நானில்லாமல்?"
ஓடக்காரன் துடுப்பை மடியில் வைத்தான்.
நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தான்.
பிறகு சொன்னான் –

சொல்லவில்லை.
நவினேஸ் தூங்கிவிட்டான்.
கட்டில் கிரீச்சிட்டது. கொசுவத்தி வாசம்.
புத்தகம் மூடும் சத்தம்
என் நெஞ்சுக்குப் பக்கத்தில் கேட்டது.

எனக்கு நாற்பத்தாறு வயது.
ஐந்தேகாலுக்குக் கையுறை ஃபேக்டரி பஸ்.
ஓடக்காரன் என்ன சொன்னால் எனக்கென்ன?

புரண்டேன். மறுபடியும் புரண்டேன்.
பிறகு, வெட்கத்தை விட்டு,
விரல் மடக்கிப்
பலகையை இருமுறை தட்டினேன்.

அந்தப் பக்கம் மூச்சே இல்லை.
ஒரு பல்லி மட்டும்
இடைவெளியைத் தாண்டிப் போனது.

பிறகு விளக்குச் சுவிட்சு.
தாள் புரளும் ஒலி.
தொண்டையைச் செருமிக்கொண்டு
யாருக்கும் இல்லாததுபோல் மெல்ல:

"எனக்கும் தெரியாது, தாயே.
எண்ணி வாங்குகிறேன், எண்ணிக் கொடுக்கிறேன்.
ஒவ்வொரு விடியலிலும்
ஒன்று மட்டும் ஈரமாக இருக்கிறது."