எம்.பி. முத்திரை

மெரிபேங்கில் ஞாயிறு மத்தியானம்.
பாதியாய் அறுத்த டிரம் மேல் கம்பிவலை;
ஆட்டு விலாவும் மூன்று மீனும் காத்திருக்கின்றன.
கோகிலன் பழைய பாலெட் பலகையை
முழங்காலில் வைத்து முறிக்கிறான்.

நில் என்றேன்.
டர்பன் துறைமுகத்தில் பதினெட்டு வருஷம்
சரக்கு எண்ணியவன் நான்.
எச்.டி. என்றால் சூடு காட்டிய மரம், எரிக்கலாம்.
இதில் எம்.பி.
கப்பலேறும் முன் பூச்சிக்கு மருந்து ஊதியது.
பூச்சி செத்தது.
மருந்து எங்கே போயிற்றென்று
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அவன் சிரித்தான்,
கூரைகளுக்கு மேல் எரியும் ஆலைக் குழாயைக் காட்டி:
"நாம் பிறக்கும் முன்பே அது பிராய் போடுகிறது.
போய் அதனிடம் முத்திரை கேள்."

என்னிடம் பதில் இல்லை.

அவன் மகள் தேவாஷ்னி
ஒரு கையில் நீல இன்ஹேலர், மறுகையில் ரொட்டி,
புகை வரும் பக்கம் பார்த்து
நாற்காலியை நகர்த்தினாள்.
ஆறாவது தடவை.

அதை அவனும் எண்ணியிருக்க வேண்டும்.
பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு
என் வண்டிச்சாவியைக் கேட்டான்.
சீகைமரக் கரி ஒரு மூட்டையோடு வந்தான்.

தணல் வெளுக்கும்வரை விடவில்லை நான்.
கொழுப்பு சொட்டித் தீப்பிடிக்காமல்
விலாவை ஓரத்துக்குத் தள்ளினேன்.
கருகிய மீன்வாலைக் கிள்ளினால்
"அதுதானே ருசி" என்கிறாள் அவன் மனைவி.
மணி மூன்றரை. எல்லோருக்கும் பசி,
எல்லோருக்கும் என்மேல் எரிச்சல்.

காற்று திரும்பியது.
தேவாஷ்னி எழுந்து
நாற்காலியைத் தூக்கினாள்.
இந்தத் தடவை
எங்கள் புகைக்காக இல்லை.