மைனஸ் ஐந்து

என் கீபோர்ட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது.
அமத்தினால் விரல் நகராது,
சுருதி மட்டும் இறங்கும்.
கேனுஜனுக்குப் பதினொரு வயதில்
திரையில் பூச்சியம்.

அந்தப் பாட்டைக் கல்முனையில்
இரும்புக்கடைக்கு மேல் அறையில் பதிந்தோம்.
கீழே கம்பி வெட்டுவது ஓயும்வரை காத்திருந்து
ஒரே மூச்சில் பாடினான்.
"வா" என்ற இடத்தில்
ஐஸ்கிறீம்காரனைக் கூப்பிடுகிற அவசரம்.
அதற்குத்தான் ஊர் விழுந்தது.
பாண் ஆட்டோகூடத் தன் பழைய மெட்டை விட்டுவிட்டு
இவன் குரலில் பணிஸ் விற்றது.

பிறகு மைனஸ் ஒன்று. தடிமன் என்றோம்.
மைனஸ் இரண்டு,
கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொண்டுவந்தான்.
திருக்கோவில் மேடையில், மைனஸ் மூன்றில்,
அதே "வா" நடுவால் பிளந்து
ஒரு துண்டு மேலே போனது, மற்றது தொண்டைக்குள் விழுந்தது.
முன்வரிசை சிரித்தது.
அஸ்மீர் ஒக்டபாடில் ஒரு இடியைப் போட்டு மூடிவிட்டான்.
நல்ல மனுசன்.

தாய் குவைத்தில்.
வெள்ளிக்கிழமைதான் போன் அவள் கைக்கு வரும்.
ஒருநாள் ஒத்திகைக்கு நடுவில் அழைப்பு.
"அம்மா" என்றான்.
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் மின்விசிறிச் சத்தம்.
"ஆரு கதைக்கிற? மகனிட்டக் குடுங்க."

குடுத்தான்.
வலக்கையிலிருந்து இடக்கைக்கு.
பிறகு கள்ளக்குரலில், மெல்லிசாக,
திரும்பவும் "அம்மா".
"ஆ, மனே. சாப்பிட்டயா?"

நாங்கள் எல்லாரும்
வயர் சுற்றுவதில் மும்முரமானோம்.
அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும்
படிக்கட்டில் இறங்கிப் போய்த்தான் கதைப்பான்.
கம்பி வெட்டும் சத்தத்தோடு
ஒரு சின்னப் பொடியன் கதைக்கிறது மேலே கேட்கும்.
மீசை வந்துவிட்ட பொடியன்.

நேற்றுக் களுவாஞ்சிக்குடி.
அதே பாட்டைத்தான் கேட்டார்கள், வேறென்ன கேட்பார்கள்.
மைனஸ் நான்கு வைத்திருந்தேன்.
மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினான்:
"இன்னும் ஒண்டு இறக்குங்க அண்ணே."

இறக்கினேன்.
அவ்வளவு கீழே அந்தப் பாட்டு போகும் என்று
அதைச் செய்த எனக்கே தெரியாது.
"வா" வந்தபோது அவன் எத்தவில்லை.
கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வேலை முடிந்து
கதவைச் சாத்துகிற நேரம் பார்த்துக்
கூப்பிடுவதுபோல் இருந்தது.
கைதட்டல் குறைவு. பின்னால் சில பேர்
ஆட்டோ பிடிக்க எழும்பிவிட்டார்கள்.

வானில் ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல் குந்தியிருந்து
போனில் நாளைப் பார்த்தான்.
தொண்டையைச் செருமினான்.
விடிந்தால் வெள்ளி.